புது ஸ்டூடியோவில் மிக்ஸ்ட் லெவல் போல் டான்ஸ் வகுப்பு: மலையகத்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போல் டான்ஸ் என்பது நிமிர்ந்து நிற்கிற உலோகக் கம்பத்தில் ஏறியும் சுற்றியும் ஆடுவது. மிக்ஸ்ட் லெவல் வகுப்பு என்றால், கம்பத்தை இன்றுதான் முதல்முறையாகத் தொடுகிற ஒருவரும், தலைகீழாகத் தொங்கிக் காலை விரிக்கிற ஒருவரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பழகுவது. கொழும்பு மாதிரி ஊரில் ஆட்கள் அதிகம் என்பதால் நிலைவாரியாகப் பிரித்து வகுப்பு வைக்கலாம். கண்டி, ஹட்டன், பண்டாரவளை பக்கம் ஒரு ஸ்டூடியோ புதிதாகத் திறந்தால், வருகிற ஏழெட்டுப் பேரை மூன்றாகப் பிரிக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே இங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் இந்த வகை வகுப்புதான்.

இதை இரண்டு வகையான ஆட்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒருவர் எதுவும் தெரியாமல், ஆனால் நெடுநாள் ஆசையோடு போகிறவர். மற்றவர் கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் கொஞ்சம் பழகிவிட்டு ஊருக்குத் திரும்பியவர். நான் இரண்டாவது வகை. இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: புது ஸ்டூடியோவில் முதல் வகுப்பு அந்தக் கம்பத்தையும் அறையையும் டீச்சரையும் தெரிந்துகொள்வதற்கு. உங்களுக்கு என்ன தெரியும் என்று காட்ட இரண்டாவது, மூன்றாவது வகுப்புகள் இருக்கின்றன. மலைநாட்டில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அது குளிர். கீழே அதை விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு மெசேஜ்

நேராகப் போய் வாசலில் நிற்காதீர்கள். முதலில் வட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போடுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"வணக்கம் மிஸ். சனிக்கிழமை மிக்ஸ்ட் லெவல் கிளாஸுக்கு வர விருப்பம். நான் இதுவரை போல் டான்ஸ் செய்ததில்லை. வலது தோளில் முன்பு ஒருமுறை அடிபட்டிருக்கிறது. முதல் நாளே இந்த கிளாஸுக்கு வரலாமா? கம்பம் எத்தனை மில்லிமீற்றர்? ஒரு கம்பத்துக்கு எத்தனை பேர்? உடுப்பு மாற்ற இடம் இருக்கிறதா? கிளாஸில் வீடியோ எடுப்பார்களா?"

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருக்கிறது. சில இடங்களில் மிக்ஸ்ட் லெவல் என்றாலே அடிப்படை தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று வைத்திருப்பார்கள். போன பிறகு அது தெரியவந்தால் ஒரு மணி நேரம் சுவரோரம் நிற்க வேண்டியதுதான். கம்பத்தின் தடிப்பும் முக்கியம். போட்டிகளிலும் பெரும்பாலான ஸ்டூடியோக்களிலும் 45 மில்லிமீற்றர் கம்பம் பாவிப்பார்கள். 50 மில்லிமீற்றரும் உண்டு, சிறிய கைகளுக்கு 40 மில்லிமீற்றரும் உண்டு. ஐந்து மில்லிமீற்றர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். உள்ளங்கை சிறிதாக இருக்கிறவருக்கு விரல் நுனி கட்டைவிரலைத் தொடுகிறதா இல்லையா என்பதை அந்த ஐந்துதான் தீர்மானிக்கும். 45இல் பழகிய கை 50இல் சீக்கிரம் களைத்துப்போகும்.

ஒரு கம்பத்துக்கு இரண்டு பேர் என்றால் நல்லது, மூச்சு வாங்கவும் நேரம் கிடைக்கும். மூன்று பேருக்கு மேல் என்றால் காத்திருக்கிற நேரத்தில் உடம்பு ஆறிவிடும். கொழும்பில் அது பெரிய விஷயமில்லை, இங்கே பெரிய விஷயம்.

தோள், மணிக்கட்டு, முதுகு என்று எதில் பழைய காயம் இருந்தாலும் மெசேஜிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், உயர் இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். தலைகீழாகத் தொங்கும்போது தலையிலும் கண்ணிலும் அழுத்தம் கூடும்.

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் வந்தால் ஒரு வகுப்புக்கு மட்டும் காசு கட்டிப் போய்ப் பாருங்கள். பத்து வகுப்புப் பெக்கேஜ் மலிவு என்று முதல் நாளே காசு கட்டாதீர்கள்.

வீட்டில் சொல்வது

மலையகத்தில் இது சின்ன விஷயமில்லை. லயத்தில் ஒரு வீட்டுச் செய்தி மறுவீட்டுக்குப் போக அரை மணி நேரம் போதும். "கம்பத்தில் ஆடுறாளாம்" என்று யாரோ சொல்லி அம்மா கேள்விப்படுவதை விட, நீங்களே சொல்வது நல்லது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்றைய போல் டான்ஸ் வட அமெரிக்காவில் ஆடை களைந்து ஆடுகிற கிளப்புகளில் ஆடிய பெண்களிடமிருந்து வளர்ந்தது. 1990களில் அது வகுப்பறைக்கு வந்தது. பெயர் பெற்ற பல அசைவுகள் அந்தப் பெண்கள் கண்டுபிடித்துக் கொடுத்தவை. அதை மறைத்து, இது வெறும் உடற்பயிற்சி என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இன்னொரு பக்கமும் உண்மை. கம்பத்தில் ஏறிச் சாகசம் செய்வது நம்மவர்களுக்குப் புதிதல்ல. மகாராஷ்டிரத்தில் மல்லகம்பம் பல தலைமுறையாக இருக்கிறது. தமிழ்நாட்டில் விழுப்புரத்தில் சின்னப் பிள்ளைகள் மல்லர் கம்பம் என்ற பெயரில் அதைப் பழகுகிறார்கள். போல் விளையாட்டுக்கு 2009இலிருந்து சர்வதேசச் சம்மேளனம் ஒன்று இயங்குகிறது, உலகப் போட்டிகளும் நடக்கின்றன. மல்லர் கம்பச் சிறுவர்களின் வீடியோ ஒன்றை அம்மாவிடம் காட்டுங்கள். பேச்சு அங்கிருந்து நல்லபடியாகத் தொடங்கும்.

எண்ணெய், தைலம், நகை

கம்பத்தில் உங்களைப் பிடித்து வைத்திருப்பது தோல். அதனால்தான் ஷோர்ட்ஸ் போடுகிறோம்: தொடையின் உட்பக்கம், முழங்கால் மடிப்பு, வயிற்றோரம், அக்குள் எல்லாம் உலோகத்தில் நேரடியாகப் பட வேண்டும். முதல் வகுப்புக்கு முழங்காலுக்கு மேல் நிற்கிற ஷோர்ட்ஸும் கையில்லாத டீஷேர்ட்டும் போதும். உடம்பைக் காட்டக் கூச்சமாக இருந்தால் மேலே நீளமான டீஷேர்ட் போடுங்கள். சுற்றவும் ஏறவும் அது தடையில்லை. லெகின்ஸ் மட்டும் வேண்டாம், துணி வழுக்கும்.

வகுப்பு அன்று காலையிலிருந்து உடம்பில் எண்ணெய் வேண்டாம். கை கால் வெடிக்கிற குளிரில் தேங்காய் எண்ணெய் தடவாமல் இருப்பது கஷ்டம், தெரியும். முதல் நாள் இரவு தடவிக்கொள்ளுங்கள், காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். சித்தாலேப்ப தைலமும் அப்படியே. முதுகு வலிக்கிறது, தோள் பிடித்திருக்கிறது என்று வகுப்புக்கு முன் ஒரு விரல் தடவினால், அது உங்கள் கையிலிருந்து கம்பத்துக்குப் போகும், கம்பத்திலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும். அவர் அப்போது தலைகீழாக இருக்கலாம். மல்லர் கம்பத்தில் மரத்துக்கு ஆமணக்கெண்ணெய் பூசுவார்கள், உராய்வு குறைய வேண்டும் என்பதற்காக. உலோகக் கம்பத்தில் நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

நகை விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. மோதிரமும் வளையலும் கம்பத்தின் பூச்சைக் கீறும், விரலையும் நசுக்கும். மெட்டி இன்னும் மோசம்: ஏறும்போது பாதத்தின் மேற்பக்கம் கம்பத்தில் அழுந்தும், அப்போது மெட்டி விரலுக்குள் இறங்கும். கொலுசையும் கழற்றுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதைச் சுருட்டி உள்ளே இறுக்கமான டொப்புக்குள் வைத்துத் தரையோடு செய்கிற அசைவுகளைச் செய்யலாம். தலைகீழாகப் போகிற எதையும் கழுத்தில் நீளமான சங்கிலியோடு செய்யக் கூடாது. காலில் கட்டிய கறுப்புக் கயிறும் கையில் கட்டிய நூலும் பிடிமானத்துக்கு நடுவில் வரும். கோயிலில் கட்டிய கை நூலை அவிழ்க்க முடியாது என்றால், முழங்கை வரை மேலே தள்ளிவிட்டு அதன்மேல் ஒரு பட்டி போட்டுக்கொள்ளுங்கள். மூக்குத்தி பரவாயில்லை.

பையில் என்ன: ஒரு சின்னத் துவாய், தண்ணீர், ஒரு ஜெர்சி, தடித்த காலுறை, வாழைப்பழமோ பிஸ்கட்டோ. சோறு சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது போக வேண்டும். கொத்து ரொட்டி சாப்பிட்ட கையோடு சுற்றாதீர்கள்.

போவதும் வருவதும்

வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதை விட, எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேளுங்கள். கண்டியில் மாலை வகுப்பு முடித்து நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்குத் திரும்புகிறவருக்குக் கடைசி பஸ்தான் நேரத்தை முடிவு செய்யும். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் பனிமூட்டமும் இருக்கும், மண்சரிவும் இருக்கும். தூரத்திலிருந்து வருகிறவர்கள் காலை வகுப்பை எடுங்கள். போயா நாளில் திறப்பார்களா என்று கேட்டுவையுங்கள். எசல பெரஹெர காலத்தில் கண்டி நகருக்குள் மாலையில் வீதிகளை மூடிவிடுவார்கள், அந்த நாட்களில் புது இடத்துக்குப் போகத் திட்டமிட வேண்டாம்.

பதினைந்து நிமிடம் முன்னால் போய்ச் சேருங்கள். அடுத்து சொல்வதைச் செய்ய அந்த நேரம் வேண்டும்.

அண்ணாந்து பாருங்கள்

அறைக்குள் போனதும் முதலில் கம்பத்தின் மேல்நுனியைப் பாருங்கள். கம்பம் எதில் பொருத்தப்பட்டிருக்கிறது? கொங்கிரீட் தட்டிலோ, கனமான உத்தரத்திலோ என்றால் சரி. நம் பக்கத்துக் கட்டடங்கள் பலவற்றில் மேலே தகரக் கூரை, கீழே சீலிங் பலகை. தரைக்கும் கூரைக்கும் நடுவே அழுத்தி நிறுத்துகிற வகைக் கம்பத்தை அப்படியான சீலிங் பலகையில் முட்டுக்கொடுத்து நிறுத்தினால் அது நிற்காது. பழைய பங்களாவைத் திருத்தி ஸ்டூடியோ ஆக்கியிருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள்: "மிஸ், கம்பம் மேலே எதில் பிடித்திருக்கிறது?" நல்ல டீச்சர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார், ஏணி போட்டுக் காட்டவும் செய்வார்.

பிறகு கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பாருங்கள். சுற்றினால் ஸ்பின் நிலையில் இருக்கிறது, அசையாவிட்டால் ஸ்டற்றிக். அனேகக் கம்பங்களை இரண்டுக்கும் மாற்றலாம். இது தெரியாமல் சுற்றுகிற கம்பத்தில் பாய்ந்தால் நினைத்ததை விட மிக வேகமாகப் போவீர்கள். முதல் வகுப்பு ஸ்டற்றிக்கில் இருக்கட்டும்.

பக்கத்துக் கம்பத்துக்கு எவ்வளவு தூரம்? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையையும் காலையும் நீட்டினாலும் உரசக் கூடாது. சுவருக்கும் அப்படித்தான். கம்பத்தைச் சுற்றிப் போடுகிற தடித்த மெத்தை எத்தனை இருக்கிறது என்றும் பாருங்கள். மேல்நிலை ஆட்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தலைகீழாகப் போகிறார்கள், மெத்தை ஒன்றுதான் என்றால் அந்த வகுப்பை நடத்துகிற விதத்தில் ஏதோ சரியில்லை.

குளிர்ந்த கம்பம்

இனி முக்கியமானது. கொழும்பில் பழகியவர்கள் மேலே வந்து, "எனக்கு எல்லாம் மறந்துவிட்டது, கை பிடிக்கவே மாட்டேன் என்கிறது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் எதையும் மறக்கவில்லை. கம்பம் குளிர்ந்திருக்கிறது, தோல் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உயரம் 1000 மீற்றர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். கண்டி சுமார் 500 மீற்றரில் இருக்கிறது, நுவரெலியா 1868 மீற்றரில். ஒரே நாளில் கொழும்பில் வேர்த்துக் கொட்டுகிறபோது நுவரெலியாவில் ஜெர்சி போட்டிருப்போம். உலோகம் கையிலிருக்கிற சூட்டை உடனே உறிஞ்சிவிடும். சூடான, லேசாக ஈரப்பதமுள்ள தோல்தான் உலோகத்தில் ஒட்டிப் பிடிக்கும். குளிரில் தோல் வறண்டு வழுவழுப்பாகிவிடும், விரல்களும் விறைத்துப் பிடியின் பலம் குறையும்.

மழை நாளில் இன்னொன்றும் நடக்கும். வெளியே அடைமழை, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது, உள்ளே எட்டுப் பேர் மூச்சு வாங்குகிறார்கள். குளிர்ந்த கம்பத்தில் அந்த ஈரம் படியும். கண்ணுக்குத் தெரியாது. உலர்ந்த துவாயால் மேலிருந்து கீழாக ஒருமுறை துடைத்துப் பாருங்கள், துவாயில் ஈரம் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நுவரெலியா பக்கம் இது அடிக்கடி நடக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஆண்டுக் கடைசியிலும் தை மாதத்திலும் எதிர்பார்க்கலாம்.

ஆகவே பிடி வழுக்கினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: என் கை ஈரமா, காய்ந்திருக்கிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கை வேர்க்கிறவருக்கு லிக்விட் சோக் சரி. அது மக்னீசியம் காபனேற்றை அற்ககோலில் கரைத்தது மாதிரியான பால், தடவினால் கை உலர்ந்துவிடும். ஏற்கெனவே காய்ந்த கைக்கு அதைத் தடவினால் வழுக்கல் கூடும். காய்ந்த தோலுக்கு வேண்டியது கொஞ்சம் ஈரம்: நனைத்துப் பிழிந்த துணியால் உள்ளங்கையையும் தொடையையும் ஒற்றி, அரை நிமிடம் விட்டுப் பிடித்துப் பாருங்கள். ஒட்டுத்தன்மை தருகிற பசை வகைகளும் உண்டு. அவற்றைப் பாவிக்குமுன் டீச்சரிடம் கேளுங்கள், கம்பத்தில் படிந்தால் அடுத்தவருக்குத் தொல்லை.

கம்பம் எந்த உலோகம் என்பதும் பிடியை மாற்றும். குரோம் பூச்சு நடுத்தரம், எங்கும் அதிகம் இருப்பது அதுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொஞ்சம் வழுக்கும். பித்தளை கூடுதலாகப் பிடிக்கும், காய்ந்த தோல்காரர்களுக்கு உகந்தது. புது ஸ்டூடியோவில் புதுக் குரோம் கம்பம் என்றால் தொழிற்சாலை எண்ணெய்ப் படலம் இன்னும் போகாமல் இருக்கலாம். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். பார்மசியில் ஒரு சின்னப் போத்தல் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பத்தைச் சூடாக்குவது சுலபம். உலர்ந்த துவாயால் நீங்கள் பிடிக்கப்போகிற இடத்தை வேகமாகத் தேயுங்கள். உங்கள் ஜோடியை முதலில் போகச் சொல்லுங்கள், அவர் இறங்குவதற்குள் கம்பம் கொஞ்சம் சூடாகியிருக்கும். உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது, உடம்பு ஆறாமல் பார்த்துக்கொள்வது. ஜெர்சியையும் நீளக் காற்சட்டையையும் காலுறையையும் கம்பத்தைத் தொடுகிற நிமிடம் வரை கழற்றாதீர்கள். இறங்கியதும் ஜெர்சியைத் திரும்பப் போடுங்கள். வகுப்புக்கு முன் ஒரு கோப்பை பிளேன்டீ நல்லது.

வார்ம்-அப்பைக் குறைக்க விடாதீர்கள்

கொழும்பில் பத்து நிமிடம் போதும் என்றால் இங்கே இருபது நிமிடம் வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றுங்கள், விரல்களை விரித்து மூடுங்கள், தோள்பட்டை எலும்பை மேலே கீழே முன்னே பின்னே அசையுங்கள், தொடையின் பின்தசையை மெதுவாக நீட்டுங்கள். டீச்சர் வார்ம்-அப்பை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டால், நீங்கள் ஓரமாகத் தொடருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நம் ஊர் உடம்பைப் பற்றி ஒரு விஷயம். சின்ன வயதிலிருந்து ஏற்றம் இறக்கம் நடந்த கால்கள் நமக்கு, காலில் பலம் இருக்கும். ஏறுகிற அசைவுகள் நம் பெண்களுக்குச் சீக்கிரம் வருவதைப் பார்த்திருக்கிறேன். அதே நேரம், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிச் சுமந்தவர்களுக்குக் கழுத்தும் மேல்முதுகும் இறுகியிருக்கும். பறிக்கிற விரல்களும் முன்கையும் வேலை நாள் முடிவிலேயே களைத்திருக்கும். அப்படியானால் வேலை நாள் மாலையில் போகாமல், ஓய்வு நாளில் போங்கள். டீச்சரிடமும் இதைச் சொல்லுங்கள், அவருக்குத் தோட்ட வேலை பற்றித் தெரியாமல் இருக்கலாம்.

உங்கள் படியைக் கேட்டு வாங்குங்கள்

வகுப்பு தொடங்கியதும் டீச்சர் ஒரு அசைவைக் காட்டுவார், பிறகு ஆளுக்கு ஆள் ஒவ்வொரு வடிவம் கொடுப்பார். உங்களுக்குக் கொடுத்தது கூடியது என்று பட்டால், "மிஸ், இதற்கு முந்தைய படி என்ன?" என்று கேளுங்கள். மிக்ஸ்ட் லெவல் வகுப்பில் மிகவும் பிரயோசனமான கேள்வி இதுதான். ஒவ்வொரு அசைவுக்கும் தரையில் செய்கிற ஒரு வடிவமாவது உண்டு.

புதியவருக்கு முதல் நாளில் இரண்டு அசைவு போதும். ஒன்று, ஃபயர்மேன் ஸ்பின். கம்பத்துக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். கம்பத்தோரக் கை தலைக்கு மேலே, மற்றக் கை நெஞ்சு உயரத்தில். தோளைக் காதிலிருந்து கீழே இறக்குங்கள், இறக்காமல் தொங்கினால் பாரம் முழுக்க மூட்டில் விழும். கம்பத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கி, வெளிக்காலை அகலமாக வீசுங்கள். அந்த வீச்சில் உட்கால் எழும்பும். இரண்டு முழங்காலாலும் கம்பத்தை இறுக்கியபடி சுற்றி இறங்குங்கள். பாய வேண்டியதில்லை, வீச்சே சுற்றிவிடும்.

இரண்டாவது, அடிப்படை ஏற்றம். இரண்டு கையாலும் மேலே பிடியுங்கள். ஒரு பாதத்தின் விரல்களை உங்களை நோக்கி மடக்கி, பாதம் கம்பத்தின் ஒரு பக்கமும் முழங்கால் மறுபக்கமுமாக, முன்காலெலும்பு கம்பத்தில் குறுக்காகப் படும்படி வையுங்கள். மற்றக் காலைப் பின்னாலிருந்து கொண்டுவந்து கெண்டைக்காலால் நெருக்குங்கள். இப்போது கையைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். கால்கள் உங்களைத் தாங்கினால் பிடி சரி, சரிந்தால் இன்னும் நெருக்க வேண்டும். பிறகு காலை நீட்டி எழும்புங்கள், கைகள் மேலே போகட்டும், முழங்கால்களை இழுத்து மறுபடி இறுக்குங்கள். உடம்பைத் தூக்குகிற வேலை காலுக்கு. கையால் இழுத்து ஏற நினைக்கிறவர்கள்தான் இரண்டாவது படியிலேயே களைத்துப்போகிறார்கள். முன்காலும் பாதத்தின் மேற்பக்கமும் எரியும், முதல் சில வாரம் அப்படித்தான். இறங்கும்போது சறுக்காதீர்கள், கைக்குக் கீழே கை வைத்து இறங்குங்கள். எதைச் செய்தாலும் மற்றப் பக்கத்துக்கும் ஒருமுறை செய்யுங்கள்.

முன்பு பழகியவருக்கு: உங்களிடம் இருந்த நிலையிலிருந்து ஒரு படி கீழே தொடங்குங்கள். தலைகீழாகப் போக ஆசையா? தரையிலிருந்து துள்ளாமல், கையை மடக்கிக் கம்பத்தை நெஞ்சோடு சேர்த்து, இரண்டு முழங்காலையும் மார்பு வரை மெதுவாகத் தூக்கி, அதே மெதுவாக இறக்க முடிகிறதா என்று இந்தக் கம்பத்தில் பாருங்கள். துள்ளினால்தான் மேலே போக முடிகிறது என்றால் இன்று வேண்டாம். கையைத் திருகிப் பிடித்துத் தலைகீழாகப் போகிற ஹேண்ட்ஸ்பிரிங் வகைகளையும் முதல் நாளில் தொடாதீர்கள், குளிர்ந்த தோளுக்கு அது அதிக பாரம். பெயர்களை நம்பி ஏறாதீர்கள். காலைக் கொளுவித் தலைகீழாகத் தொங்குகிற அசைவுகளில் ஜெமினி, ஸ்கோர்பியோ என்று ஒரு ஸ்டூடியோவில் சொல்வது இன்னொரு ஸ்டூடியோவில் வேறாக இருக்கும். எந்தக் கால் கொளுவுகிறது என்று தரையில் நின்று காட்டிக் கேளுங்கள்.

டீச்சர் யாரையாவது தலைகீழாக ஏற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போது அவரைக் கூப்பிடாதீர்கள். அந்த இரண்டு நிமிடம் தரைப் பயிற்சி செய்யுங்கள். நல்ல டீச்சரை அடையாளம் காண இரண்டு விஷயம் பாருங்கள்: எப்படி இறங்குவது என்பதை ஏறுவதற்கு முன்னமே சொல்லிக்கொடுக்கிறாரா, உங்களைத் தொட்டுத் தாங்குமுன் கேட்கிறாரா.

சிங்களத்தில் சொன்னால்

மலைநாட்டு நகரங்களில் டீச்சர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கலந்து சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு அதிகம். காற்றில் தொங்கும்போது யோசித்து அர்த்தம் கண்டுபிடிக்க நேரமிருக்காது. அத என்றால் கை, கக்குல என்றால் கால். வம இடது, தக்குண வலது. அல்லன்ன பிடியுங்கள், அத அரின்ன கையை விடுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. ஹெமின் மெதுவாக. ரிதெனவா என்றால் வலிக்கிறது, இது நீங்கள் தயங்காமல் சொல்ல வேண்டியது. டீச்சரிடம் முன்கூட்டியே, "மிஸ், எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும், கையை விடச் சொல்லும்போது தொட்டுக் காட்டுங்கள்" என்று சொல்லிவைத்தால் இன்னும் நல்லது.

கம்பத்தைப் பகிர்வதும் ஃபோனும்

இறங்கியதும் நீங்கள் தொட்ட இடத்தைத் துடைத்துவிட்டு ஜோடிக்குக் கொடுங்கள். ஒருவர் சுற்றும்போது அவருடைய வட்டத்துக்குள் நடக்காதீர்கள். பக்கத்தில் இருக்கிறவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள், அது டீச்சருடைய வேலை. உங்களை விடக் கூடத் தெரிந்த அக்காமார் செய்வதைக் கவனித்துப் பாருங்கள். மிக்ஸ்ட் லெவல் வகுப்பின் பெரிய லாபம் அதுதான், ஆறு மாதம் கழித்து நீங்கள் எங்கே இருக்கலாம் என்பது கண்முன்னால் தெரியும்.

ஃபோன் விஷயத்தில் நான் கண்டிப்பு. உங்கள் வீடியோவில் இன்னொருவர் முகமோ உடம்போ விழக் கூடாது. சுவர்க் கண்ணாடியையும் பாருங்கள், அதிலும் ஆட்கள் தெரிவார்கள். சின்ன ஊரில் ஒரு பெண்ணின் ஷோர்ட்ஸ் போட்ட வீடியோ அவளுக்குத் தெரியாமல் வெளியே போனால், அவள் வகுப்பை மட்டுமல்ல, வேலையையும் நிம்மதியையும் இழக்க நேரலாம். ஸ்டூடியோ தன் விளம்பரத்துக்கு எடுத்தாலும் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். கேட்காமல் எடுத்தால் அந்த இடத்திலேயே, எல்லார் முன்னாலும், அழிக்கச் சொல்லுங்கள்.

முடிந்த பிறகு

உடனே ஓடி பஸ் பிடிக்காமல் ஐந்து நிமிடம் முன்கையையும் தோளையும் நீட்டிவிட்டு, ஜெர்சி போட்டுக்கொண்டு கிளம்புங்கள். தொடையின் உட்பக்கத்திலும் கெண்டைக்காலிலும் நீலமாகக் கன்றிப்போகும். நாளாக ஆகக் குறையும். அன்றிரவு வேண்டுமானால் சித்தாலேப்ப தடவலாம், தோல் உரிந்த இடத்தில் மட்டும் வேண்டாம். முன்கை இரண்டு நாள் வலிப்பது வழமை. மூட்டுக்குள் குத்துகிற வலி, விரல் மரத்துப்போவது, தோளைத் தூக்க முடியாமல் போவது வழமையில்லை, வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஃபோனில் நாலு வரி குறித்துவையுங்கள்: கம்பம் எத்தனை மில்லிமீற்றர், எந்த உலோகம், கை ஈரமாக இருந்ததா காய்ந்திருந்ததா, எந்தப் படியில் நின்றீர்கள். இரண்டாவது வகுப்பை ஒரு வாரத்துக்குள், முடிந்தால் அதே கம்பத்தில் எடுங்கள். பெக்கேஜுக்குக் காசு கட்டுவதா என்பதை அந்த வகுப்புக்குப் பிறகு முடிவு செய்யலாம்.